மூன்றாம் கட்டத்தை நிறுத்துங்கள்: ஊருணிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊருணிச் சீரமைப்புத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கும், ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கும், பணம் கொடுத்து உதவும் வெளியூர் அன்பர்களுக்கும்,

போன வெள்ளிக்கிழமை ஊருணிக் கரையில் ஒரு புதுப் பலகை நட்டார்கள். 'மூன்றாம் கட்டப் பணி: நடைபாதை, அலங்கார விளக்குகள், அமரும் மேடை' என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டாம் கட்டம் எப்போது முடிந்தது என்று பலகைக்குக் குழி தோண்டிய தம்பியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கமிட்டியில் போய்க் கேட்டேன். "இப்போதைக்கு இதுக்குத்தான் பணம் வந்திருக்கு, அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள்.

அந்த 'அது' என்பது வரத்துக்கால். ஊருணிக்குத் தண்ணீர் வருகிற ஒரே வழி. வழியைத் திறக்காமல் கரைக்கு விளக்குப் போடுவதை என்னால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் இந்தச் செட்டிநாட்டு ஊர்க் கொத்தனார் ஒருவரின் மகன். இங்கே நிற்கிற பல செட்டியார் வீடுகளில் அப்பாவின் கரண்டி பட்டிருக்கிறது. நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு 22 ஆண்டுகள் வெளிநாட்டில் கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வை பார்த்தேன். திரும்பி வந்து ஊருணிக்கு எதிர்த்த தெருவிலேயே குடியிருக்கிறேன். இந்தத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து காலையும் மாலையும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் கட்டம் தூர்வாருவது. ஆனிக்குள் முடித்திருக்க வேண்டிய வேலை. டெண்டர் முடிந்து ஜேசிபி வந்து இறங்கியபோது புரட்டாசி பாதி போய்விட்டது. நம் பக்கம் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு நாள் தோண்டினார்கள், ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அள்ளிய மண் கரையிலேயே குவிந்து கிடந்தது. ஒரே வாரத்தில் அது மறுபடி உள்ளே கரைந்து இறங்கியதை ஊரே பார்த்தது. தை பிறந்ததும் திரும்ப வந்தார்கள். இந்தத் தடவை அளவு குறையக் கூடாது என்று ஆழமாகத் தோண்டினார்கள். கன மீட்டருக்கு இவ்வளவு என்று பில் போடும் வேலையில் ஆழம் கூடக் கூட அளவு கூடும். ஒப்பந்ததாரரை நான் குறை சொல்லவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

நம் ஊருணியின் அடியில் களிமண் படுகை ஒன்று இருந்தது. தண்ணீர் கீழே இறங்காமல் பிடித்து வைத்தது அதுதான். மேலே படிந்திருந்த வண்டலை மட்டும் எடுத்திருந்தால் போதும். வடமேற்கு மூலையில் களிமண்ணையும் தாண்டிச் சரளை தெரியும்வரை தோண்டிவிட்டார்கள். நான் போய்ச் சொன்னபோது, எஸ்டிமேட்டில் ஆழம் போட்டிருக்கிறது என்று காகிதத்தைக் காட்டினார்கள். அந்தக் காகிதத்தைத் தயார் செய்தவர் ஒரு சோதனைக் குழிகூடப் போட்டுப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் சித்திரை கடைசிவரை இடுப்பளவு தண்ணீர் நிற்கும். இந்த வருடம் மாசியிலேயே தரை வெடித்துவிட்டது.

அடுத்தது கீழ்க்கரைப் படித்துறை. செம்புறாங்கல் படிகள். எத்தனை தலைமுறை கால் பட்டுத் தேய்ந்த கற்கள் அவை. 'மூன்றாம் கட்டத்தில் புதிதாக அமைக்கப்படும்' என்று சொல்லி முதல் கட்டத்திலேயே பெயர்த்து அடுக்கினார்கள். அடுக்கியதில் பாதிக் கல் இப்போது இல்லை. யார் எடுத்துப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. படி இருந்த இடத்தில் கரை செங்குத்தாக நிற்கிறது, ஒவ்வொரு மழைக்கும் ஒரு துண்டு சரிகிறது. கார்த்திகையில் விளக்கு வைக்கப் போன பக்கத்து வீட்டு ஆச்சி அங்கே சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எழுபத்து மூன்று வயது. அவர் இன்னும் அந்தக் கையால் குடம் தூக்குவதில்லை.

இரண்டாம் கட்டம் கொஞ்சம்கூட நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் இரண்டு பேர் அளக்க வந்தார்கள். மட்டக்குறி எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். முதல் கட்டக்காரர்கள் மட்டம் பிடித்துக் குறி போட்ட கல் தோண்டும்போதே போய்விட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருவரும் சாலையின் மட்டத்தை வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தச் சாலையே பிரச்சினை. தார் மேல் தாராகப் போட்டு அது ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. வரத்துக்கால் சாலையைக் கடக்கிற சிறுபாலம் பாதி புதைந்து கிடக்கிறது. அப்பா விட்டுப்போன டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து நானே பிடித்துப் பார்த்தேன். பாலத்தின் வாய், அதற்கு மேற்கே உள்ள கால்வாய்த் தரையைவிட ஒரு சாணுக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் எப்படி மேலே ஏறி வரும்? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. சாலை வேலைக்காரர்களுக்கும் ஊருணி வேலைக்காரர்களுக்கும் நடுவில் ஒரு பேச்சு நடந்திருந்தால் இது வந்திருக்காது.

இவ்வளவும் ஏன் நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. திட்டத்தைப் பிரித்த விதம் தப்பு. வேலையை அது போகிற வழியில் பிரிக்கவில்லை, பணம் வருகிற வழியில் பிரித்திருக்கிறீர்கள். மொத்த எஸ்டிமேட்டை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. எந்தத் துண்டுக்கு முதலில் ஆள் கிடைத்தாரோ அது முதலில் நடக்கிறது. நடைபாதைக்கும் விளக்குக்கும் கொடுக்க ஆள் கிடைப்பது சுலபம், திறப்பு விழாப் படத்தில் அழகாக விழும். மண்ணுக்குள் போகிற கால்வாய்க்கு அந்த வசதி இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்குக் கட்டம் கட்டமாக வேலை செய்யத் தெரியாதா என்ன? அப்பா வேலை பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். முகப்பும் வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) ஒரு தலைமுறையில் கட்டினார்கள். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வியாபாரம் செய்யப் போன இடத்தில் பணம் முடங்கிவிட்டது. இரண்டாம் கட்டு, அதாவது வீட்டின் பின்பகுதி, கட்ட இருபது வருடம் ஆனது. ஆனால் அந்த இருபது வருடமும் அந்த வீடு முழு வீடாகத்தான் இருந்தது. வளவைச் சுற்றி ஓடு வேய்ந்து, வானவெளியில் விழுகிற மழைத் தண்ணீர் வெளியே போக வடிகால் விட்டு, அந்தக் குடும்பம் அதில் இரண்டு கல்யாணம் நடத்தியிருக்கிறது. பின்சுவரில் மட்டும் ஒரு வாசல் நிலையை முன்பே வைத்து, நடுவே கல் அடுக்கி அடைத்திருந்தார்கள். பணம் வந்ததும் அந்தக் கல்லை எடுத்தார்கள், அடுத்த கட்டுக்கு வாசல் தயாராக இருந்தது. பழைய சுவரில் ஒரு வெடிப்பு விழவில்லை. அடைத்த கல்லை எடுத்தவர்களில் அப்பாவும் ஒருவர். அந்தக் கதையை அவர் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

ஒரு கட்டத்தோடு வேலை நின்று போனாலும் அதுவரை செய்தது தனியாக நின்று பயன்பட வேண்டும். அடுத்த கட்டம் வருவதற்கு இடமும் விட்டிருக்க வேண்டும். நம் ஊருணியில் நடந்தது இதற்கு நேர் எதிர். படியைப் பெயர்த்துவிட்டு நிறுத்தினீர்கள். களிமண்ணை எடுத்துவிட்டு நிறுத்தினீர்கள். வேலையை எந்த இடத்தில் நிறுத்தக் கூடாதோ அந்த இடத்திலேயே நிறுத்தியாயிற்று.

ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் நான் அப்பாவிடம்தான் முதலில் கற்றேன். சுண்ணாம்பை ஊறப் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, ஒரு பூச்சு பூசிக் காய விடுவார். காய்ந்தபின் விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக் கேட்டுக்கொண்டே போவார். எங்கேயாவது பொள்ளலாகச் சத்தம் வந்தால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிடுவார். எல்லாம் சரியென்று ஆனபிறகுதான் அடுத்த பூச்சு. ஒரு தடவை வீட்டுக்காரச் செட்டியார் மலேயாவிலிருந்து வந்து, புதுமனை புக நாள் குறித்தாயிற்று என்றார். "இன்னும் பத்து நாள் காயணுங்கய்யா" என்றார் அப்பா. செட்டியார் நாளை மாற்றினார். அந்தச் சுவர் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்க் கைவைத்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டுக்குப் போனபோது இதே பழக்கத்துக்கு அங்கே 'ஹோல்டு பாயிண்ட்' என்று பெயர் இருந்தது. கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் லாரி வாசலில் வந்து நின்றாலும், ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு சட்டி கான்கிரீட் விழாது. ஏனென்றால் கான்கிரீட் மூடிவிட்டால் கம்பியைப் பார்க்க முடியாது. ஊருணியில் அப்படி நின்று பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு மூன்றாவது உண்டு. வண்டல் முடிந்து களிமண் தெரியும் இடம் ஒன்று, படிக்கல்லில் கைவைக்கும் முன் ஒன்று. நம் திட்டத்தில் பில் பாஸ் ஆவதற்கு எம் புக் என்னும் அளவுப் புத்தகத்தில் அளவு எழுதினார்கள். தோண்டியது எவ்வளவு என்று எழுதப்பட்டது. தோண்டியது சரிதானா என்று கேட்கிற இடம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கட்டடக் கலைஞர்களின் நிறுவனமான ரிபா ஒரு வேலைத்திட்டம் வைத்திருக்கிறது. 1960-களிலிருந்து திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். இப்போது அதில் 0 முதல் 7 வரை எட்டுக் கட்டங்கள். இந்த வேலை உண்மையில் தேவையா, எதற்காக என்று கேட்பது 0. என்ன வேண்டும் என்று எழுதி வைப்பது 1. பிறகு வரைவதும் விவரம் சேர்ப்பதுமாக 4 வரை போகும். கட்டுவது 5-ல்தான் வரும். 6 ஒப்படைப்பது, 7 பயன்பாட்டில் இருக்கும் காலம். அமெரிக்காவின் நாசாவும் விண்கலம் விடுகிற திட்டத்தை ஏழு கட்டமாகப் பிரிக்கிறது. கருத்தை ஆராய்வதில் தொடங்கி, பயன்பாடு முடிந்து திட்டத்தை மூடுவதுவரை. ஒவ்வொரு கட்டத்தின் வாசலிலும் மேலே போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துத்தான் நகர்கிறார்கள்.

விண்கலத்துக்கும் ஊருணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எண்ணிப் பாருங்கள். தூர்வாருவது, வரத்துக்கால், நடைபாதை என்று நீங்கள் சொல்கிற மூன்று கட்டங்களும் அந்த 5-ஆம் எண்ணுக்குள் அடங்கிவிடும். மூன்றுமே கட்டுமானம். அதற்கு முன்னால் இருக்க வேண்டியது நம்மிடம் இல்லை. எங்கிருந்து தண்ணீர் வருகிறது, அடியில் என்ன மண், நிரம்பினால் மிகுதண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகும், இந்தத் தண்ணீரை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று யாரும் கேட்டு எழுதவில்லை. பின்னால் இருக்க வேண்டியதும் இல்லை. வேலை முடிந்தபின் வருடா வருடம் வரத்துக்காலைச் சுத்தம் செய்யப் போவது யார்? விளக்குக்கு மின்கட்டணம் கட்டப் போவது யார்? ஒரு காகிதத்திலும் பதில் இல்லை. கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் காகிதத்தில் ஒரு கோட்டை அழித்துப் போட்டிருக்கலாம். இப்போது களிமண்ணை வெளியிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டி மிதித்துக் கெட்டிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று துண்டு, மூன்று ஒப்பந்தம் என்பதால் வந்த இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒழுங்கான ஒப்பந்தத்தில் பில் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம் முடிந்து, வேலை நன்றாக இருக்கிறதென்று தெரிந்தபின் கொடுப்பார்கள். இங்கே கரை சரிந்ததைக் கேட்டால், நான் தோண்ட மட்டும்தான் எடுத்தேன், தடுப்புச்சுவர் இரண்டாம் கட்டம் என்கிறார் முதல் ஒப்பந்ததாரர். அவர் சொல்வது பொய்யில்லை. இரண்டாம் கட்டத்துக்கோ ஆளே இல்லை. அப்படியென்றால் ஆச்சியின் மணிக்கட்டுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

இந்த ஊருணியை வெட்டியவர்கள் முதலில் மழை எங்கே விழுகிறது என்று பார்த்தவர்கள். பெரிய வீடுகளின் ஓட்டுச் சரிவிலிருந்து வளவுக்கு, வளவிலிருந்து தெருவோரக் காலுக்கு, அங்கிருந்து வரத்துக்காலுக்கு, பிறகு ஊருணிக்கு, மிஞ்சினால் கண்மாய்க்கு. தண்ணீர் போகிற வழியை முதலில் வைத்து, தெருவையே அதற்கு ஏற்ப வாட்டம் (சரிவு) பார்த்து அமைத்தார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்தபோது வீடுகளோடு சேர்த்து இந்த மழைநீர் ஏற்பாடும் பேசப்பட்டது. அந்தக் காலத்தை நான் பொன்னாக்கிப் பேச வரவில்லை. எங்கள் பாட்டி காலத்தில் எல்லாருக்கும் ஒரே துறையில் குடம் முக்க உரிமை இருந்ததில்லை. அது மாறியது நல்லது. எல்லாருக்கும் உரிமை வந்த பிறகு தண்ணீர் இல்லாமல் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணம் ஒரே நேரத்தில் வராது என்பது எனக்கும் தெரியும். அரசுப் பணம் ஒரு வருடம், அன்பர்கள் பணம் ஒரு வருடம் என்று பிரிந்துதான் வரும். அதனால் கட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வருகிற பணத்துக்கு முழுமையாக முடிகிற வேலை எது என்று பார்த்துப் பிரியுங்கள் என்கிறேன். சிறுபாலத்தைத் தாழ்த்தி, வரத்துக்காலைச் சுத்தம் செய்து வாட்டம் சரி பார்ப்பது தனியாக நிற்கிற வேலை. அதை மட்டும் செய்துவிட்டு மூன்று வருடம் நிறுத்தினாலும் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை, நன்மைதான். நடைபாதைக்கு வந்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும் என்பது என் கணக்கு. கணக்கைக் கேட்டால் காட்டுகிறேன்.

வெளியூரில் இருக்கும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விளக்கு வைக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். இருட்டில் தண்ணீர் மின்னுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். உங்கள் பணத்தை முதலில் வரத்துக்காலுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், கமிட்டியின் கை கட்டவிழும்.

நான் கேட்பது இவைதான். மூன்றாம் கட்ட வேலையை இப்போது தொடங்காதீர்கள். பலகையை எடுக்கச் சொல்லவில்லை, வேலையை நிறுத்தி வையுங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் சிறுபாலத்தையும் வரத்துக்காலையும் திறந்துவிடுங்கள், இந்த மழையை விட்டால் இன்னொரு வருடம் போய்விடும். அதே சமயம் கீழ்க்கரை சரிவில் மூங்கிலோ கம்பியோ கட்டி ஒரு தடுப்பு வையுங்கள், அதற்கு டெண்டர் தேவையில்லை. மிச்சமிருக்கும் செம்புறாங்கற்களை எண்ணி எழுதி, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள்.

அடுத்த தைக்குள் வடமேற்கு மூலையில் சோதனைக் குழி போட்டு, எவ்வளவு களிமண் திரும்பப் போட வேண்டும் என்று மண் பரிசோதனை அறிக்கையோடு சொல்லுங்கள். அப்புறம் மொத்தத் திட்டத்தையும் மறுபடி எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வேலை, அது முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது, யார் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, அங்கேயே நின்றுபோனால் ஊருணி என்ன நிலையில் இருக்கும் என்று நாலு வரி இருந்தால் போதும். எத்தனை ஒப்பந்ததாரர் வந்தாலும், முதலிலிருந்து கடைசிவரை பொறுப்பாக ஒரு பொறியாளர் பெயர் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கட்டமாகப் பராமரிப்பையும் எழுதுங்கள், அதற்கான பணத்தோடு.

எழுதியதை அதன்பின் வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்து வாசியுங்கள். முடியாவிட்டால் அக்டோபர் 2 சபையில் வையுங்கள். அங்கே ஒப்புதல் வாங்கியபின் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். மட்டம் பிடிக்க ஆள் வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள், கூலி வேண்டாம். அளக்க வந்தவர்கள் தேடிய மட்டக்குறியை அம்மன் கோயில் வாசல் படியிலிருந்து கணக்குப் போட்டு என் வீட்டுத் திண்ணைத் தூணில் திரும்பக் குறித்து வைத்திருக்கிறேன். சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஊருணிக்கு எதிர்த் தெருவில் குடியிருக்கும்
கொத்தனார் மகன்